கொடி பிடித்த திருஷ்டி பொம்மை

இன்று காலை சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் வழியில் ஒரு திருஷ்டி பொம்மை இருமியது.

சிரிக்காதீர்கள். என் காதால் கேட்டேன்.

காரை ஓட்டியது மச்சான் செல்வம். (என் மனைவியின் தம்பி. அவன் ஓட்டினால் நான் சாமி கும்பிட்டுக்கொண்டே வருவேன்.) நல்ல பனி. ரோடு வேலை நடக்கும் இடத்தில் லேன் மாறினால் இனிமேல் அபராதம் ஜாஸ்தியாம். அதை வைத்து வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை.

"ஆளே இல்லாத லேனு மாமா. சும்மாதான் கெடக்குது. அதுல போனா எதுக்கு ஃபைனு?"

"வேல நடக்குதுன்னுதானடா மூடி வச்சிருக்காங்க."

"எங்க நடக்குது? ஒருத்தனக் காட்டுங்க பாப்போம்."

சொல்லிக்கொண்டே, முன்னால் ஊர்ந்த பஸ்ஸை முந்துவதற்காக மூடிய லேனுக்குள் புகுந்துவிட்டான்.

பனிக்குள் அது நின்றது.

கோரைப் பல், உருட்டிய கண், தொங்கும் சிவப்பு நாக்கு. புதிதாகக் கட்டுகிற வீட்டில் மாட்டுவார்களே, அதே முகம். ஆனால் கழுத்துக்குக் கீழே ஆரஞ்சு நிறச் சட்டை, கையில் சிவப்புக் கொடி. கொடி கொஞ்சம்கூட அசையவில்லை.

எந்தச் சட்டத்துக்கும் பயப்படாத மச்சான் அதைப் பார்த்துப் பிரேக் அடித்தான்.

"பொம்மைதான்டா. ரிவர்ஸ் எடு."

"மாமா, அது நம்மளயே பாக்குது."

அப்போதுதான் இருமியது.

அது மெதுவாக நடந்து வந்து, கண்ணாடிப் பக்கம் குனிந்து, முகத்தைக் கழற்றியது. உள்ளே வியர்த்துப்போன ஒரு மனிதர். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

"எனக்குப் பின்னாடி பள்ளம் சார். பாலத்துக்குத் தோண்டியிருக்கு. உள்ள ஆளுங்க எறங்கி வேல செய்றாங்க."

இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். பனிக்கு அடியில் மஞ்சள் ஹெல்மெட்டுகள் நகர்ந்துகொண்டிருந்தன. நின்றிருக்காவிட்டால் அவர்கள் தலைமேலேயே விழுந்திருப்போம்.

"ஏண்ணே இந்த வேஷம்?" செல்வமும் இறங்கி வந்து கேட்டான்.

"மொதல்ல வெறும் கொடியோடதான் நின்னேன் தம்பி. ஒருத்தரும் நிக்கல. ஒரு லாரி கைய ஒரசிட்டே போச்சு. அப்பறந்தான் பண்ருட்டியில இத வாங்கியாந்தேன். பொம்மைன்னா பயந்து நிக்கிறாங்க. மனுசன்னு தெரிஞ்சா நிக்க மாட்டேங்கறாங்க."

கடலூர் வரும்வரை மச்சான் எந்தப் பஸ்ஸையும் முந்தவில்லை.

அங்கிருந்து நாங்கள் கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டிருந்தார். "நான் ஆளுன்னு யார்ட்டயும் சொல்லிடாதீங்க சார்."

அதனால் எந்த இடம் என்று கமெண்டில் கேட்காதீர்கள். சொன்னால் நாளைக் காலை அவர் வெறும் மனிதராகிவிடுவார்.