எர்த் குழித் தென்னை

ஆம்பூருக்குப் பக்கத்து ரயில்வே ஸ்டேஷன் ஒன்றில் தந்தி லைன்மேனாக இருந்த ஆரோக்கியசாமி மகா சுத்தக்காரர். அந்தச் சுத்தமே ஒருநாள் அவர் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

அந்தக் காலத்துத் தந்திக்கு ஒற்றைக் கம்பிதான். மின்சாரம் திரும்பிப் போக மண்ணே வழி. அதற்கென்று ஸ்டேஷன் பின்னால் குழி வெட்டித் தகடு புதைத்திருந்தார்கள். அதற்கு ‘எர்த்’ என்று பேர். மார்கழிக் காலையில் ஸ்டேஷனுக்குள் இருந்த தந்திக் கருவியின் முள் மந்தமாக அசையும். வெயில் ஏறி ஈர மண் சூடானால் சுறுசுறுப்பாகிவிடும். சித்திரையில் மண் வறண்டுபோனாலோ செத்தது போலக் கிடக்கும். போன கோடையில் அப்படிக் கிடந்ததற்கு தந்தி இன்ஸ்பெக்டர், “இன்னொரு தபா ஆச்சுன்னா வேலைய விட்டுப் போயிடு” என்று எச்சரித்திருந்தார்.

இந்தச் சித்திரையில் முள் துள்ளியது. எல்லாம் தன் கவனிப்பு என்று பூரித்தார் ஆரோக்கியசாமி. இன்ஸ்பெக்டர் மறுநாள் வருகிறார் என்றதும் குழியைப் பார்க்கப் போனவருக்கு நாற்றம் தாங்கவில்லை. ரயில்வே கேட்காரர் மனைவி கண்ணம்மாள் அங்கே தென்னம்பிள்ளை நட்டு, தோல் பதனிடும் ஷாப்பில் தோலை உதறிக் கொட்டிய உப்பையும் சாணியையும் உரமாகப் போட்டு, தண்ணீரும் ஊற்றி வந்திருக்கிறாள்!

தகட்டை உப்பு அரித்துவிடுமே என்று பயந்து, அத்தனையையும் வாரி வெளியே கொட்டினார். பாலாற்று மணலை நிரப்பி, சுற்றிலும் கல் அடுக்கி வெள்ளையடித்தார். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ரயில்வேயில் கல்லும் தப்பாது. பிள்ளையைப் பிடுங்க மட்டும் மனம் வரவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் முள் அசையவே இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மணல் குடித்துக்கொண்டே இருந்தது, முள் லேசாக நடுங்கியதோடு சரி. வீட்டில் மனைவி ஜெயசீலி நிறைமாதம். இத்தனை நாள் முள்ளைத் துள்ள வைத்தது அந்த உப்பும் சாணியும்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணம்மாள் வீட்டுக்கு ஓடினார்.

“அக்கா, அந்த எரு...”

“நேத்து நாத்தம்னு வாரிப் போட்டீங்களே, இன்னைக்கு இன்னாத்துக்கு?”

“இன்னைக்கு அதான்க்கா என் சோறு.”

அவர் கொட்டியதை வீட்டுக்கு வாரிப் போய் வைத்திருந்த கண்ணம்மாள், வழியெல்லாம் திட்டிக்கொண்டே கூடை கூடையாகச் சுமந்து வந்தாள். மணலை அள்ளி எறிந்து, எருவைக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். ஜன்னலிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் ராமலிங்கம் கத்தினார்: “ஆடுது! நல்லா ஆடுது ஆரோக்கியம்!”

ஆரோக்கியசாமி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளையடித்த கல்லுக்கு நடுவே நாறிய சேற்றைப் பார்த்து மூக்கைப் பொத்தினார். “இது இன்னாய்யா?”

“எர்த், சார்.”

முள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்த உப்பை ஆரோக்கியசாமியே சுமந்து வந்தார். ஜெயசீலி அவரை வாசலிலேயே நிறுத்திக் குளிக்கச் சொல்வாள். அந்த நாற்றம் மேலே இருக்கும்வரை வேலை பத்திரம் என்று அவருக்கு நிம்மதி. இன்ஸ்பெக்டர் வந்த வாரமே பிறந்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது தென்னை காய்த்தது. முதல் இளநீரைக் கண்ணம்மாள் அவளுக்குத்தான் சீவிக் கொடுத்தாள்.