எட்டாகிப் போன ஏழரை

வணிக வளாகத்து லிஃப்ட் கூண்டின் கூரைமேல் குந்தி உட்கார்ந்து, கதவுச் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஏழரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலுக்குக் கீழே, கூண்டுக்குள் இருந்த ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. முதல் வரி முடிவதற்குள்ளேயே அது தங்கள் இசைக்குழுவின் பாட்டு என்று தெரிந்துவிட்டது. கையில் இருந்த எண்ணெய் டப்பா நழுவாமல் போனது அவன் நல்ல நேரம். நழுவியிருந்தால் நேராகக் கீழே குழிக்குள் போயிருக்கும். இறங்கித் தேடி எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவர்கள் பாட்டை, யாரும் கெஞ்சாமல், யாரும் யார் காலிலும் விழாமல், ஒரு பொது இடத்தில் போடுகிறார்கள். கீழே, வெளியே லிஃப்ட்டுக்காகக் காத்து நின்ற யாரோ கூடவே விசிலடிக்கவும் செய்தார்கள். இருட்டுக்குள் உட்கார்ந்தபடி அவனும் கொஞ்ச நேரம் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தான். இரண்டாவது வரியில் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. டிரம் வாசிப்பது அவன் இல்லை.

லிஃப்ட்டின் தலையில் உட்கார்ந்துகொண்டு, தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்கிற பாட்டில் அதை எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்பீர்கள். அதற்கு அவனுக்கு ஏழரை என்று பெயர் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஏழரை என்றதும் நம் ஆட்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். எவனாவது வம்பை விலைக்கு வாங்கினால் ஏழரையைக் கூட்டிவிட்டான் என்கிறோம். இவன் பரம சாது. ஜாதகத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. டிரம்மில் ஏழரைத் தட்டு வாசிப்பான், அவ்வளவுதான். உலகத்தில் பெரும்பாலான பாட்டு நாலு நாலாக, எட்டு எட்டாகப் போகும். கேட்கிறவன் நிம்மதியாகக் கை தட்டலாம். இவனோ ஏழு தட்டி, எட்டாவது பாதியில் இருக்கும்போதே அடுத்த சுற்றுக்குத் தாவிவிடுவான். கை தட்ட வந்தவனுக்கு, இல்லாத படியில் கால் வைத்தது போல் ஆகிவிடும். அவன் திருதிருவென்று முழிப்பதைப் பார்ப்பதில் இவனுக்கு ஓர் அலாதி ஆனந்தம்.

இப்படிப்பட்ட இசைக்குப் புரோக்ரசிவ் ராக் என்று பெயர். இவர்கள் ஐந்து பேர். கிட்டார் வாசித்தவர் வயதில் மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். பேஸ் கிட்டார், ஏழரையின் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. கீபோர்டு வாசித்தவனுக்குப் பெட்டி என்று பெயர். பாடுகிறவன் தொண்டை. மெத்தைக் கடை ஒன்றின் கிடங்கில், பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவே ஒத்திகை நடக்கும். சத்தம் வெளியே போகாது. அந்த மெத்தைகளில் பாதி விற்றுப் போய்ப் புதியவை வந்தாலும் இவர்களுடைய பெரிய பாட்டு முடியாது என்று கடைக்காரர் சொல்வார். கச்சேரியில் அந்தப் பாட்டு ஓடும்போது வெளியே போய்ச் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வரலாம்; பெட்டி இன்னும் பாட்டின் அதே இடத்தைத்தான் வாசித்துக்கொண்டிருப்பான். வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். இருபது வருஷம் அப்படியே ஓடிப்போனது. ஏழரை பகலில் லிஃப்ட் மெக்கானிக். கயிறு, பிரேக், கதவு, எண்ணெய், கிரீஸ். அந்த மெத்தைக் கிடங்கு மட்டும் இல்லையென்றால் தான் வெறும் லிஃப்ட்டுக்காரன்தான் என்று அவன் அடிக்கடி நினைப்பான். அதை வெளியே சொன்னதில்லை.

அவன் மனைவி ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பல்வலியோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்க இதமாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், இவன் சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துத் தட்டிக்கொண்டிருப்பான். ஒருமுறை கச்சேரிக்கு வந்தாள். நடுவில் மூன்று தடவை, முடிந்துவிட்டதா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை, அவளும் வருத்தப்படவில்லை.

"ஏழரைத் தட்டோ எட்டுத் தட்டோ, எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டுல ஆறு தட்டுதான் இருக்கு," என்பாள். "அதுல ஒண்ணு உடைஞ்சா நீங்கதான் வாங்கித் தரணும்."

முதல் குண்டைப் போட்டவன் பெட்டி. ஒருநாள் ஒத்திகை முடிந்து கீபோர்டை உறைக்குள் போட்டான். வழக்கம்போல் மூலையில் வைக்காமல் தோளில் மாட்டிக்கொண்டான். வேறு நாட்டில் வேலை கிடைத்துவிட்டதாம். அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் தொண்டைக்குத் தொண்டையே போய்விட்டது. குரல் நரம்பில் என்னவோ. பாடினால் பேச்சும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் அதைச் சொல்ல வந்தபோதே தாளில் எழுதித்தான் காட்டினான். படித்துவிட்டு அண்ணன் ஒரு மெத்தைமேல் பொத்தென்று உட்கார்ந்தார்; பிளாஸ்டிக் உறை சரசரத்த சத்தம் மட்டும்தான் அங்கே கேட்டது.

மிச்சம் மூன்று பேர். கொஞ்ச நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டார்.

"இனிமே மூணு நிமிஷப் பாட்டுதான். பாப். நானே பாடுறேன்," என்றார்.

"மூணு நிமிஷத்துல நான் ஸ்டூலை சரி பண்ணி உட்காரவே முடியாதே, அண்ணே."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் விளையாடவில்லை என்று அப்போதுதான் ஏழரைக்கு உறைத்தது.

"நம்ம பெரிய பாட்டுல நடுவுல ஒரு மெட்டு வருதுல்ல, அது நல்ல மெட்டு. அதை மட்டும் எடுத்துக்கலாம். நீ அந்த அரையை முழுசாக்கிடு. எட்டாயிடும். ஜனங்க கை தட்டுவாங்க."

"அண்ணே, அந்த அரைதான் பாட்டே."

"அரைத் தட்டுக்கா இவ்வளவு அழிச்சாட்டியம்? ரெண்டு பேர் போயிட்டாங்கப்பா. இதையும் விட்டா நாம மூணு பேரும் மெத்தை விக்கத்தான் போகணும்."

ஏழரை ஒப்புக்கொண்டான். ஆனால் பாட்டைப் பதிவு செய்கிற இடத்தில் அவன் கால் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு தட்டு ஒழுங்காகப் போகும். எட்டாவது பாதியில் இருக்கும்போதே கால் தானாகப் பாய்ந்துவிடும். அண்ணன் பாட்டில் ஒரு சொல் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். திரும்ப வாசித்தான். திரும்பப் பாய்ந்தது. சின்னப் பிள்ளைகூடத் தட்டுகிற தாளம். இருபது வருஷம் வாசித்தவனுக்கு வரவில்லை. தன் காலே தன் பேச்சைக் கேட்காததைப் பார்த்து அவனே வெலவெலத்துப் போனான். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் காலை இழுத்துப் பிடித்து நிறுத்தி, எப்படியோ ஒப்பேற்றினான். அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதை நம்பி வீட்டுக்கு வந்தான்.

இப்போது கதை புரியும். லிஃப்ட் ஸ்பீக்கரில் கேட்ட டிரம்மில் அந்தத் திணறல் இல்லை. எட்டாவது தட்டு வழுவழுவென்று வந்து, சமர்த்தாக உட்கார்ந்து, அடுத்ததற்கு வழிவிட்டது. மனுஷன் வாசித்தது இல்லை, மெஷின்.

அவன் வேலையை அப்படியே போட்டுவிட்டு, லிஃப்ட்டைப் பூட்டி, ஓடாது என்று பலகை மாட்டி, கிரீஸ் கையோடு மைத்துனனின் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனான்.

"அத்தான், முதல்ல உட்காருங்க," என்றான் மைத்துனன், முகத்தைப் பார்த்ததுமே.

"உட்கார்ந்துதான்டா கேட்டேன், லிஃப்ட் மேல. டிரம் யாரு?"

மைத்துனன் கையில் இருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தான். "மெஷின், அத்தான். நீங்க வாசிச்சதுல ஒண்ணுகூட எடுக்கல."

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே."

மெஷினைவிட இந்த ஒரு வார்த்தைதான் அவனை நிலைகுலைய வைத்தது. அன்றைக்கே தெரிந்தவன், அதற்குப் பிறகு எத்தனை தடவை வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போயிருக்கிறான்! கழுத்தை அறுக்கிறவன் வெளியாளாக இருந்தால் திட்டலாம். இவனை என்ன செய்வது?

"இன்னொண்ணும் இருக்கு," என்றான் மைத்துனன், தலையைத் தூக்காமலே. "ஞாயித்துக்கிழமை பெரிய ஹால்ல கச்சேரி. டிக்கெட் மொத்தமும் வித்துப்போச்சு. மேடையிலயும் மெஷின்தான் வாசிக்கும். நீங்க உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டணுமாம். உங்க மைக்கை ஆப் பண்ணிடுவாங்க."

"மாட்டேன்னா?"

"அண்ணன் வேற ஆளைப் பார்த்து வச்சிருக்கார். வாசிக்கத் தெரியாது. பார்க்க நல்லா இருப்பான்."

உட்கார்ந்தால் பொம்மை, உட்காராவிட்டால் வெளியே. ரோஷக்காரனாக இருந்தால் அங்கேயே காறித் துப்பியிருப்பான். ஏழரை துப்பவில்லை. வெளியே போனால் என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தான். வெறும் லிஃப்ட்டுக்காரன். "சரி, வர்றேன்னு சொல்லு. உங்க அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதே," என்று மட்டும் சொல்லிவிட்டு, பூட்டிய லிஃப்ட்டைத் திறக்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேடைக்கு என்று அண்ணன் கொடுத்தனுப்பிய சட்டைக்கு மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளி நிறத்தில் பளபளவென்று மின்னுகிற சட்டை. லிஃப்ட்டின் உள்பக்கத் தகடுகூட அவ்வளவு மின்னாது. மைத்துனன் கூட்டிப்போக வந்து, ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அன்றைக்கு அவனை ஏழரை உள்ளே கூப்பிடவில்லை. ஏழரை கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான்.

மனைவி அந்தப் பாட்டை முனகினாள். அதிசயம் ஒன்றும் இல்லை. கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்கு நாள் முழுக்க இப்போது அதைத்தான் போடுகிறார்கள். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியை அவள் எடுத்த இடத்தில் ஏழரையின் கையில் சீப்பு நின்றுபோனது. அரைத் தட்டு முன்னால் எடுத்தாள்.

தற்செயலாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். மூன்றாவது வரியையும் அதே இடத்தில் எடுத்தாள். வாசலில் மைத்துனன் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"அக்கா, நீ சீக்கிரமா எடுத்துட்டே. அங்க இன்னும் அரைத் தட்டு நிக்கணும்," என்றான்.

"எதுக்கு நிக்கணும்? ஆள் ஏறின பிறகும் லிஃப்ட் கதவு மூடாம நிக்குமே, அந்த மாதிரி இருக்கு. கிளினிக்ல கேட்கும்போதெல்லாம் அந்த இடம் வந்தா எனக்கு எரிச்சல்தான் வருது. எவனோ தப்பா போட்டு வச்சிருக்கான்." இஸ்திரிப் பெட்டியால் கணவனைக் காட்டினாள். "இவர் அப்படியா வாசிப்பாரு?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. மெஷினும் தெரியாது, பொம்மையும் தெரியாது.

"உனக்கு என் பாட்டே பிடிக்காதே," என்றான் ஏழரை.

"பிடிக்காதுதான். பிடிச்சாத்தான் தெரியணுமா? சோத்துக்கு உட்கார்ந்தா தட்டு, எழுந்தா தட்டு. மண்டைக்குள்ள ஏறிப்போச்சு, இப்போ இறங்க மாட்டேங்குது. இந்தாங்க, சட்டை. சூடு ஆறட்டும், போடுங்க."

அவன் வாங்கினான். போடவில்லை. நாலாக மடித்து, வாசலுக்குப் போய் மைத்துனன் கையில் வைத்தான்.

"அண்ணன்கிட்ட குடுத்துடு. பார்க்க நல்லா இருக்கிறவனுக்கு இன்னும் நல்லா இருக்கும்."

"அத்தான், யோசிச்சுக்கோங்க. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான். திரும்பச் சேர்க்க மாட்டாங்க."

"தெரியும்டா. நீ போ, நேரமாச்சு."

மைத்துனன் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு, சட்டையோடு படியிறங்கினான். மனைவி ஒன்றும் புரியாமல் கணவனையே பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? லிஃப்ட்டிலிருந்து ஆரம்பித்து, தம்பி அன்றைக்கே தெரிந்து வைத்திருந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னான். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஈயாடவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்க மறந்துபோனாள். மேசைத் துணி தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் பதறி எடுத்தாள்.

"அப்போ அந்தப் பாட்டுல நீங்க எங்கேயுமே இல்லையா?"

"இல்ல."

"நாள் முழுக்க அதைப் போட்டுட்டு, எங்க வீட்டுக்காரர் வாசிச்சதுன்னு வர்ற ஒவ்வொரு நோயாளிகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேனே!"

இது அவனுக்குத் தெரியாது. திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவள் கோபத்தோடு சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் சாப்பாட்டு மேசைமேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் இரண்டு கரண்டியைப் போட்டாள்.

"உட்காருங்க. தட்டுங்க."

"உடைஞ்சுடும்."

"உடையட்டும். இன்னும் அஞ்சு இருக்கு."

அவன் உட்கார்ந்தான். முதல் சுற்று சரியாக வரவில்லை. மறுபடி ஆரம்பித்து ஏழு தட்டினான். எட்டாவது பாதியில் இருக்கும்போதே அவள் பாட ஆரம்பித்துவிட்டாள்.