மே மாதத்தில் பனி

வெளிநாடு போக எந்த மாதம் நல்ல மாதம்?

போன ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாதவர் ஒருவர்கூட இல்லை. பேசியவர்களில் கடல் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். திருச்செந்தூரில் முழங்கால் வரை நனைத்தவர்கள் உண்டு... அதோடு சரி.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் தம்பியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெர்மனியில், சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், அச்சு இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். போனதிலிருந்து அவனுக்கு ஒரே பல்லவி—அக்காவும் அத்தானும் வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போக வேண்டும். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. அந்நியச் செலாவணிக்கு அரசாங்கமே திண்டாடுகிற காலம் இது. தங்க இடமும் சாப்பாடும் தன் பொறுப்பு என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தால்தான் நம்மைப் போன்றவர்கள் கப்பலேற முடியும். அந்த ஆள் அடுத்த பொங்கலோடு வேலை முடிந்து ஊர் திரும்புகிறான்.

ஆக, எனக்கு மிச்சம் இந்த ஒரு வருஷம். இதில் போகவில்லை என்றால் பிறகு எப்போதும் போகப் போவதில்லை.

நான் பிறந்தது விருதுநகர். வாழ்க்கைப்பட்டது சிவகாசி. இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. அந்தத் தூரத்துக்குள்ளேயே என் காலம் ஓடிவிட்டது. கல்யாணமான பிறகு நான் பார்த்த தூர தேசம் மதுரை. சொன்னால் சிரிப்பீர்கள்... ரயில் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். யாரை வழியனுப்ப? யாரும் இல்லை. வந்து நின்றுவிட்டு உள்ளே போகிறேன்.

இவருக்கு—என் கணவரைத்தான் சொல்கிறேன்—அந்த உபத்திரவம் கிடையாது. இவரும் இவருடைய அண்ணனும் சேர்ந்து கேலண்டர் பிரஸ் நடத்துகிறார்கள். அண்ணனுக்குக் கணக்கு, இவருக்குப் படமும் கலரும். பயணம் என்று பேச்செடுத்தால் போதும், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சீசன் சொல்வார். தை, மாசியா? வசூல். பங்குனியா? விருதுநகரில் மாரியம்மன் கோயில் பொங்கல் சாட்டிவிட்டால் நானே ஊர் எல்லையைத் தாண்ட மாட்டேன். ஆனி, ஆடியா? ஆர்டர் வருகிற நேரம். ஆவணி, புரட்டாசியா? பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் போய்ச் சேர வேண்டும், தீபாவளியைத் தள்ளிவைக்க முடியுமா? ஐப்பசியா? மழை ஈரத்தில் காகிதம் உப்பிவிடும். ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காராது. முதலாளி மெஷின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கார்த்திகை, மார்கழியா? லாரியில் ஏற்றுகிற கேலண்டர் லோடு. அந்த மாதங்களில் வீட்டில் செத்தவர் திவசத்தைக்கூட மெதுவாகத்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

இந்த வரிசையில் விட்டுப்போனது ஒன்று உண்டு. கவனித்தீர்களா? பொறுங்கள், வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸுக்கு லீவு. இவருடைய அண்ணன் வந்திருந்தார். ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படியே. இன்றைக்கு ஏதாவது ஒரு மாதம் முடிவாக வேண்டும் என்று நான்தான் அவரை வரச் சொல்லியிருந்தேன். விஷயம் தெரிந்து மருந்துக்கடைக்காரர் வந்தார். அவருடைய மைத்துனர் வந்தார். பக்கத்து வீட்டுத் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளியும் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் காப்பி போட்டு மாளவில்லை.

ஒருவர் ஜூன் என்றார், அப்போதுதான் மாம்பழம் மலிவாம். ஜெர்மனியிலா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. இன்னொருவர் செப்டம்பர் என்றார், கடல் ஆடாதாம். கப்பலில் போனால் ஆடி மாதக் காற்று ஆளையே தூக்கிவிடும் என்றார் மைத்துனர். அவர் ராமேஸ்வரம் வரை போனவர்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கேலண்டரைக் கழற்றி எடுத்து வந்தார். எங்கள் பிரஸ் போட்டதுதான். சாமி படத்துக்குச் சிவகாசியில் எத்தனையோ பிரஸ் உண்டு. எங்களுடையது சீனரிக்குப் பேர் போனது. மாதத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு வெளிநாட்டுக் காட்சி.

மே மாதத்தைப் புரட்டினார். மலை, மரம், வீட்டுக் கூரை, எல்லாவற்றின் மேலும் பனி. விறைத்துப் போவீர்கள் என்று அதைத் தள்ளிவிட்டார். ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே போய் டிசம்பரில் நின்றார். பச்சைப் புல்வெளி. தரை தெரியாமல் மஞ்சள் பூ. நடுவே கண்ணைப் பறிக்கும் நீலத்தில் ஒரு சுவிட்சர்லாந்து ஏரி.

"டிசம்பர்தான். பூவாப் பூத்துக் கெடக்கு, பாருங்க."

கூடமே தலையாட்டியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? அச்சில் அல்லவா இருக்கிறது.

நான் இவரைப் பார்த்தேன். இவர் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படங்களை மாதவாரியாக அடுக்கியது யார் தெரியுமா? சாட்சாத் இவரேதான். எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து அடுக்குவார், பக்கத்தில் நின்று நானே பார்த்திருக்கிறேன். பனிப் படம் எப்போதும் மே மாதத்துக்கு. அக்கினி நட்சத்திர வெயிலில் எண்ணெய்க் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தால் கண் குளிர வேண்டுமாம். மார்கழியில் யாருக்குப் பனி வேண்டும்? ஆகவே வெயிலும் பூவும் டிசம்பருக்கு. நிஜ உலகத்துக்கு நேர் தலைகீழ். வருஷா வருஷம் இப்படித்தான் போகிறது. அரிசிக் கடை, ஜவுளிக் கடை, சலூன்... தமிழ்நாட்டில் எத்தனை சுவர்களில் மே மாதம் பனி கொட்டிக்கொண்டிருக்கிறதோ, யார் கண்டார்கள்?

வியாபாரத்துக்காகச் செய்தார், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதை நம்பி அண்ணாச்சி என் பயணத்துக்கு மாதம் குறிக்கும்போது, அடுக்கிய மனுஷன் வாயைத் திறக்க வேண்டாமா? டிசம்பர் என்றால் கேலண்டர் லோடு. லோடு என்றால் பயணம் அம்போ. அது முடிந்தால் பொங்கல். பொங்கலுக்கு என் தம்பி மூட்டை முடிச்சோடு இங்கே வந்து நிற்பான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் சொல்லும் சீசன் பட்டியலில் சித்திரை, வைகாசி, அதாவது மே மாதம், வந்ததே இல்லை. மே மாதம் ஏஜென்ட்டுகள் சாம்பிள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருப்பார்கள். ஆர்டர் வந்திருக்காது. மெஷின்கள் வைகாசிக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கும். இவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நேரம் கிடைக்கிற ஒரே மாதம் அது. அங்கேயோ வசந்த காலம். அந்த மாதத்தைத்தான் மனுஷன் பனியைப் போட்டு மூடி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை விருதுநகரில் ஒரு வளைகாப்பு. காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். திருத்தங்கல் ரயில்வே கேட் மூடியிருந்தது. பாதியில் எழுந்து போக முடியாத இடம். விடுவேனா?

மே மாதம் அங்கே பூப் பூக்கும் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாலு பேருக்கு முன்னால் அண்ணனை எப்படித் திருத்துவது என்றார். நியாயம்தான். இவர்கள் குடும்பத்தில் அண்ணன் சொல்லுக்குத் தம்பி மறுசொல் சொல்வதில்லை. நாலு பேரும் போன பிறகு? கைக்குட்டையை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார். தண்டவாளத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ரயில் வருகிற வழியைக் காணோம்.

கடைசியில் சொன்னார்.

"அந்த ஏரி நீலம் நம்ம கலரு. ஒரிஜினல் படத்துல அம்புட்டு நீலம் கெடையாது. நாந்தான் ஏத்தி அடிக்கச் சொன்னேன். நேர்ல போயிப் பார்த்து, அது சாம்பலாக் கெடந்துச்சுன்னா... பெறகு அந்த நீலத்தை நான் எப்படிப் போடுவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை அந்த நீலத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள். இரண்டு தரம் மெஷினில் ஓட்டி, கண்ணை இடுக்கிப் பார்த்து, இன்னும் ஏற்று என்று சொல்லிச் சொல்லி இவர் உண்டாக்கிய நீலம் அது. அதைக் கொண்டுபோய் நிஜ ஏரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இவருக்கு மனசு வரவில்லை. எல்லாம் சரி. அந்த நீலத்துக்குக் காவலாக நான் எதற்குச் சிவகாசியில் உட்கார்ந்திருக்க வேண்டும்?

"சாம்பலா இருந்தாலும் இருக்கட்டும். எனக்குப் பார்க்கணும்," என்றேன்.

ரயில் வந்தது. கேட்டைத் திறந்துவிட்டார்கள். இவர் வண்டியைக் கிளப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி அவர் முன்னால் உட்காருகிற வழக்கம் கிடையாது. கதவோரம் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதை அவருடைய மனைவியிடம் சொல்ல வேண்டும். அண்ணாச்சி காதில் தானாக விழும். அன்றைக்கு எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

படம் அடுக்கிய கதையைச் சொன்னேன். டிசம்பரில் அங்கே முழங்கால் அளவு பனி என்று சொன்னேன். நீலக் கதையைச் சொல்லவில்லை, அது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். உங்களிடம் மட்டும் சொல்லலாமா என்கிறீர்களா? அண்ணாச்சி கணக்கு தவிர வேறெதையும் படிப்பதில்லை.

அண்ணாச்சி வீட்டிலும் அதே கேலண்டர்தான். எடுத்து மே மாதத்தையும் டிசம்பரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தலை நரைக்கும் வரை அச்சுத் தொழிலில் இருந்தவர். அவர் முகம் சுண்டிப்போனது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல, தாயி. இதுலயாவது பேசியிருக்கலாம்," என்றார். கேலண்டரை மூடி வைத்தார். பிறகு, "மே மாசம் போங்க. அவன் வரலேன்னா நீங்க மட்டும் போங்க. பம்பாய் வரைக்கும் நான் கூட வந்து கப்பலேத்தி விடுதேன்," என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது. எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டேன். பழக்கம் விடுமா?

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னேன், சிவகாசியில் அம்மன் கோயில் சித்திரைப் பொங்கல் முடிந்த கையோடு கிளம்புவது என்று அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார், கப்பல் கம்பெனிக்கு எழுத வேண்டும், ஒரு ஆளா, இரண்டு ஆளா?

"ஒரு ஆளுன்னா யாரு?"

"நான்தான்."

நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேனோ என்று தேடியிருப்பார். கிடைத்திருக்காது. மோர் வேண்டாம் என்றார், கையைக் கழுவினார், செருப்பை மாட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இவர் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். தனியாகப் போவேன் என்று வாய் சொல்லிவிட்டது. தெரியாத பாஷை, தெரியாத சாப்பாடு, அத்தனை நாள் தண்ணீர் மேல்... இவர் வர மாட்டேன் என்கிறார் என்பது இத்தனை நாளும் எனக்கும் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறது! நல்ல சீசன் பார்க்கிறோம் என்று ஊரெல்லாம் விசாரிக்கிறோமே, அதில் பாதி, போகாமல் இருக்க ஒரு மரியாதையான வழி தேடுவதுதான். போகிறவன் டிக்கெட்டை வாங்கிவிட்டு, குடை எடுப்பதா வேண்டாமா என்றுதான் கேட்பான்.

ஆனாலும் பின்வாங்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஆளுக்கு என்றே எழுதிவிடலாம் என்று அன்றைக்குச் சாயங்காலம் தீர்மானித்தேன். ஆனால் கடிதத் தாளை எடுத்து வைத்தால் கை ஓடவில்லை. புதன்கிழமையும் அப்படியே போயிற்று.

வியாழக்கிழமை காலை மதுரைக்குப் போனார். எதற்கென்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது கையில் பெரிய பொட்டலம் இருந்தது. அதையும் பிரித்துக் காட்டவில்லை, பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார்.

நேற்று மத்தியானம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். மாசி முடியவில்லை, அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கூடத்தில் இவர் நின்றுகொண்டிருக்கிறார். பொட்டலத்தில் இருந்தது இப்போது உடம்பில்: கொடைக்கானல் போகிறவர்களுக்கு மதுரைக் கடைகளில் விற்பார்களே, அந்தக் கம்பளிக் கோட்டு. முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. கழுத்து வரை எல்லாப் பித்தானையும் மாட்டியிருக்கிறார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றுங்கள் என்றேன். "பழகணும்லா?" என்று கேட்டுவிட்டு, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார்.

ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று நான் மறுபடியும் கேட்கவில்லை. சிவகாசி வெயிலில் கம்பளிக் கோட்டோடு நிற்கிற மனுஷனிடம் அதற்கு மேல் என்ன கேட்பது?