வழி விடாத சச்சிதானந்தன்

என் மருமகன் சச்சிதானந்தன் கார் ஓட்டும்போது கூட இருந்தவர்களுக்கு நித்திரை வரும். பின்னால் வந்தவர்களுக்கு என்ன வரும் என்று எனக்கு நெடுநாள் தெரியாது.

எழுபத்தாறாம் ஆண்டு அவர் ஆஸ்திரேலியாவில், ஜீலோங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் வாத்திமார் போதாதென்று கூப்பிட்டபோது வந்தவர்களில் ஒருவர். அதட்டத் தெரியாத மனிதர். வகுப்பில் ஒரு பிள்ளை சுண்ணக்கட்டியால் எறிந்தால், அதைக் குனிந்து எடுத்து, "நல்லது, எனக்கு இது தேவைதான்" என்று சொல்லி அதாலேயே கரும்பலகையில் எழுதுவாராம். இப்படிச் சாதுவான சிலர்கூடக் கார் ஓட்டும்போது வேறு ஆளாகிவிடுவார்கள். இவர் மாறவே மாட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

அவருடைய தகப்பன் சுன்னாகத்தில் வாடகைக் கார் வைத்திருந்தவர். மகனுக்குக் காங்கேசன்துறை வீதியில்தான் ஓட்டப் பழக்கினார். அந்த வீதியின் கரையில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள், ஆடுகள், மதகில் இருந்து கதைக்கிற சனம், சில நாள் காயப்போட்ட நெல்லும்கூட. அதனால் கார் என்றால் தெருவின் நடுவில்தான் போக வேண்டும். பின்னால் வருகிறவன் முந்த விரும்பினால் ஹோர்ன் அடித்துக் கேட்பான். முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டி ஆட்டி, கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுவார். கேட்காதவனுக்கு இடம் விடுவதில்லை. அது மரியாதைக் குறைவும் இல்லை.

இந்தப் பழக்கத்தைச் சச்சிதானந்தன் அப்படியே ஜீலோங்கிலிருந்து மெல்பேர்ண் போகிற பெருந்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கே ஒரு பக்கம் போவதற்கே இரண்டு பாதை. இடது பாதை மெல்லப் போகிறவர்களுக்கு, வலது பாதை முந்துகிறவர்களுக்கு. இவருக்கு இடது பாதை கரையாகவும் வலது பாதை நடுத்தெருவாகவும் தெரிந்தது. வலதில் ஏறி, நாற்பது மைல் வேகத்தில், கோவில் தேர் மாதிரிப் போவார்.

மெல்லப் போனதற்குக் காரணம் நான். என் மகள் சந்திரவதனாவுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது தரித்ததும் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தேன். வந்த கையோடு நேத்தி வைத்தேன். இந்தப் பிள்ளை கையும் காலும் சுகமாய்ப் பிறக்கும்வரை, வெள்ளி தவறாமல், என் கையால் பொங்கி முருகன் வேலுக்கு முன்னால் படைப்பது என்று. கோவில் ஒன்றும் அப்போது அங்கே இல்லை. மெல்பேர்ண் பக்கம் ஃபுட்ஸ்கிரேயில் வெங்கட்ராமன் என்று தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் மனைவி பத்மா பழனியிலிருந்து கொண்டுவந்த வேல் ஒன்றை வீட்டில் வைத்துப் பூசை செய்வாள். நாலைந்து குடும்பம் வெள்ளி மாலையில் அங்கே கூடும். ஜீலோங்கில் பொங்கி, பானையைத் துவாயால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பின் ஆசனத்தில் நான் இருப்பேன். பொங்கல் சிந்தக் கூடாது, வயிற்றுப் பிள்ளை குலுங்கக் கூடாது. முன் ஆசனத்தில் சந்திரவதனா, பெல்ட் வயிற்றை அழுத்தாதபடி ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி வருவாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது தேவாரம் பாதி முடிந்திருக்கும்.

"சார், நீங்க ஜீலோங்ல வச்ச பொங்கல் ஃபுட்ஸ்கிரே வர்றதுக்குள்ள ஊசிப் போயிடும்" என்பார் வெங்கட்ராமன். "எருமை மாட்டு மேல வந்தாக்கூட சீக்கிரம் வரலாம்."

"எருமை கிடைச்சால் சொல்லுங்கோ, வாங்குவம்" என்பார் இவர்.

ஒருநாள் வெங்கட்ராமன் சிரிக்காமல் சொன்னார். "விளையாட்டுக்குச் சொல்லலை சார். ரைட் லேன்ல நிக்காதீங்க. பின்னாடி வர்றவன் கடுப்பாயிடுவான்."

"ஹோர்ன் அடிக்கட்டும், விலத்துறன். இண்டைவரைக்கும் ஒருத்தன்கூட அடிக்கேல்லை."

"இங்க ஹாரன் அடிக்கிறது கெட்ட வார்த்தை சொல்ற மாதிரி சார். லேசுல அடிக்க மாட்டான். மனசுக்குள்ளயே வச்சுக்குவான்."

"கேட்காமல் நான் என்னெண்டு அறியிறது?" என்றார் சச்சிதானந்தன். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கும்தான்.

ஆடி மாதம். இங்கே அது கடும் குளிர். மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கே தெரு இருண்டுவிடும். வழியில் வெரிபி என்ற ஊருக்கு முன்னால், இரண்டு பக்கமும் வெறும் புல்வெளி, ஒரு வீடும் இல்லை. எங்கள் காருக்குள் திடீரென்று வெளிச்சம் வந்தது. என் கையிலிருந்த பானையின் மூடி மினுங்கியது. திரும்பிப் பார்த்தேன். யூட் என்று இங்கே சொல்கிற, பின்பக்கம் திறந்த வண்டி ஒன்று. அதன் கூரையில் ஏணி கட்டியிருந்தது. எவ்வளவு கிட்ட என்றால், எங்கள் பின்கண்ணாடியில் விழுந்த மழைத்துளிகளை என்னால் எண்ணக்கூடிய வெளிச்சம்.

"பின்னாலை ஒருத்தன் ஒட்டிக்கொண்டு வாறான், தம்பி" என்றேன்.

"பார்த்தனான், மாமி. அவசரமெண்டால் கேப்பான்."

அவன் கேட்கவில்லை. இடது பாதை காலியாகக் கிடந்தது. அதால் எங்களைக் கடந்து போயிருக்கலாம், போகவும் இல்லை. வெரிபி தாண்டி, வீடுகள் தொடங்கும்வரை அப்படியே வந்தான். பிறகு ஒரு சந்தியில் காணாமல் போனான்.

அடுத்த வெள்ளியும் வந்தான். அதே இடம், அதே ஏணி. சந்திரவதனா புருஷனின் தோளைத் தொட்டாள்.

"இஞ்சேருங்கோ, இடப்பக்கம் எடுங்கோவன். போகட்டும் சனியன்."

"இடப்பக்கம் முழுக்க லொறியள். லொறிக்குப் பின்னாலை உன்னைக் கொண்டு போகச் சொல்லுறியோ? சறுக்கினால் பின்னாலை வாற லொறி எங்கடை மேலைதான் ஏறும். இஞ்சை ஒரு பக்கமாவது புல்லுத் தரை."

அவர் சொன்னதும் பொய்யில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளை லொறிக்கும் லொறிக்கும் நடுவில் வைத்து ஓட்ட அவருக்கு மனமில்லை. பயந்த மனிதர் தனக்குப் பாதுகாப்பென்று தெரிந்த இடத்திலேயே நிற்பார். பின்னால் வந்தவனுக்கு அது திமிராகத் தெரிந்திருக்கும்.

அன்று அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, மழைக்குள் வலக் கையை நீட்டி, ஊரில் செய்வதுபோல் நிதானமாக ஆட்டினார். 'போ தம்பி, போ' என்று. பின்னாலிருந்த வெளிச்சம் இன்னும் கிட்ட வந்தது. அவர் கையை உள்ளே இழுத்து, நனைந்த சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அடுத்த வெள்ளி போவதா விடுவதா என்று வீட்டில் ஒரு சிறு பேச்சு வந்தது. போகத்தான் வேண்டும் என்றேன் நான். நேத்தியைப் பாதியில் விட்டால் அது பிள்ளையைத் தொடும். இதை இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அன்று அவன் வெளிச்சம் போடாமல் வந்தான். அதனால்தான் கிட்ட வரும்வரை எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு தட்டு. பெரிய இடி இல்லை, கதிரையை யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல. பானை மூடி சறுக்கி என் காலடியில் விழுந்தது. சந்திரவதனா "அம்மா" என்றாள், சத்தமில்லாமல். இரண்டு கையும் வயிற்றில் இருந்தது.

சச்சிதானந்தன் காரை இடது பாதைக்கு எடுத்தார். ஒரு லொறிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தோம். வலது பாதை முழுக்க இப்போது அவனுக்குத்தான். போய்விடுவான் என்று நானும் மூச்சை விட்டேன்.

அவன் போகவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் வந்து, எங்கள் வேகத்துக்கே தன் வண்டியையும் வைத்துக்கொண்டான். இவர் மெதுவாக்கினார், அவனும் மெதுவாக்கினான். என் யன்னலுக்கு நேரே அவன் முகம். நடுவயது. பார்த்தால் யாருடைய தகப்பனோ என்று சொல்லக்கூடிய சாதாரண முகம். முதலில் என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தான். பிறகு கொஞ்சம் முன்னுக்கு வந்து சந்திரவதனாவின் வயிற்றைப் பார்த்தான். ஏதோ சொன்னான். எனக்கு இங்கிலீசு தெரியாது. அவளுக்குத் தெரியும். என்ன சொன்னான் என்று கேட்டேன், மழையில் கேட்கவில்லை என்றாள். நான் திரும்பக் கேட்கவில்லை.

முந்த வேண்டுமென்று இவ்வளவு நாளும் நின்றவன், வழி விட்ட பிறகும் போகாமல் வந்தான்.

வெரிபிக்குத் திரும்பும் இடத்தில் சச்சிதானந்தன் சட்டென்று பெருந்தெருவை விட்டுக் காரைத் திருப்பினார். அவன் நேரே போனான். அவளுக்கு அதற்குள் உதிரம் பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பிள்ளையின் துடிப்பு நல்லாய்த்தான் இருக்கிறது, ஆனால் பிறக்கும்வரை படுக்கையை விட்டு எழும்பக் கூடாது, மனம் பதறவும் கூடாது என்றார்கள்.

மறுநாள் அவர் பொலிசுக்குப் போனார். திரும்பி வந்து குசினிக்குள் நின்று, அவளுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார்.

"எல்லாத்தையும் எழுதினவன், மாமி. கடைசியாய் நீ எந்தப் பாதையிலை போனனி எண்டு கேட்டான். சொன்னன். பேனையை மூடி வைச்சிட்டான்."

"பிறகு?"

"இனி இடப்பக்கம் போ எண்டான். அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை வந்தது. நான் வழக்கம்போல் பொங்கினேன். வீட்டுச் சாமிப் படத்துக்கே படைப்போம், முருகனுக்கு இங்கேயும் கண் தெரியும் என்று சொல்லிவிட்டேன். வேலுக்கு முன்னால் என்றுதான் நேத்தி. ஆனாலும் அந்தத் தெருவுக்கு அவரை அனுப்ப எனக்கு மனமில்லை. அவர் பள்ளிக்கூடத்தால் வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு பானைக்குக் கை நீட்டினார்.

"வேண்டாம் தம்பி. நான் வைச்ச நேத்தி, நான் முருகனிட்டை மன்னிப்புக் கேட்கிறன்."

"நேத்தி உங்கடை, மாமி. பிள்ளை என்ரை."

பானையைத் தன் பக்கத்து ஆசனத்தில் வைத்து, அதற்குப் பெல்ட்டைப் போட்டு இறுக்கினார். என் வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்த ஒரே வாக்குவாதம் அதுதான்.

அவர் வரும்வரை சந்திரவதனா யன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தாள். நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கார்ச் சத்தம் கேட்டு, அவர் உள்ளே வந்ததும் கேட்டாள்.

"அவன் வந்தவனோ?"

"இல்லை. றோட்டிலை சனமே இல்லை. லொறிக்குப் பின்னாலை பூனை மாதிரிப் போட்டு வந்தனான். வெங்கட்ராமன் பட்டம் தாறன் எண்டவர்."

அவள் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் நித்திரையாகியும் விட்டாள். நான் பானையை எடுத்து வர வெளியே போனேன். போகும்போது முழுதாயிருந்த பின்விளக்கு ஒன்று உடைந்து, சிவப்புத் துண்டுகள் பம்பர் இடுக்கில் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் கட்டி, குப்பைக் கூடையில் மரக்கறித் தோலுக்கு அடியில் புதைத்தேன். நிமிர்ந்தபோது அவர் குசினி வாசலில் நின்றார். போய் விளக்கை மாற்றக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அவர் காரைப் பின்னுக்கு எடுத்து, பின்பக்கம் சுவரோடு ஒட்டத்தான் நிறுத்துவார். படுக்கையிலிருந்தே அவள் கேட்டாள், ஏன் இப்படி மாற்றி விடுகிறீர்கள் என்று.

"காலமை வெளிக்கிட லேசு."

"ஓம், அது நல்லதுதான்" என்றேன் நான்.

வெள்ளிக்கு வெள்ளி நான் பொங்கினேன், அவர் கொண்டுபோனார். இடது பாதையில்தான் போனார். வெங்கட்ராமனும் தொலைபேசியில் அதைச் சொன்னார். "சார் இப்போ நல்ல பிள்ளை ஆயிட்டார்மா, லெஃப்ட்டை விட்டு அசையறதில்லை." அப்படிப் போயும் சில வெள்ளிகளில் காரின் பின்பக்கத்தில் புதுக் காயம் இருந்தது. சில வெள்ளிகளில் இருக்காது. அந்த நாட்களில்தான் அவர் முகம் இன்னும் கூடுதலாய்க் கறுத்திருக்கும். சாப்பிட மாட்டார். வெளிச்சம் போடாமல் வருகிறவன் எந்த இடத்தில் வருவான் என்று போகவர முழுக்கக் கண்ணாடியைப் பார்த்து ஓட்டிய களைப்பு அது. அவளுக்கு முன்னால் மட்டும் பள்ளிக்கூடத்துப் பகிடிகள் சொல்வார். அவளும் சிரித்து, சாப்பிட்டு, உடம்பு தேறிக்கொண்டு வந்தாள்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, கையும் காலும் சுகம். அம்புலன்சில் போனவளைக் கூட்டிவர அவர் கார் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி வாசலிலும் முன்பக்கம் அவளைப் பார்க்கத்தான் நிறுத்தினார்.

அவள் எழும்பி நடக்கத் தொடங்கிய நாள், கொடியில் போட்ட பிள்ளையின் துணி ஒன்று காற்றில் பறந்து காருக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தது. எடுக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் போனபோது, அவள் நெளிந்த தகரத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நித்திரை கொண்டிருப்பியோ? இந்தப் பிள்ளை தங்கியிருக்குமோ?"

சச்சிதானந்தன் பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் இன்னும் வாறவனோ?"

"பிள்ளை நித்திரை. மெதுவாய்க் கதை."

"கேட்டதுக்குச் சொல்லுங்கோ."

"கடைசியாய்ப் போன வெள்ளி எனக்குப் பின்னாலை வரேல்லை. வெளிச்சம் போடாமல் எனக்கு முன்னாலை போனவன்."

"அப்ப ஆருக்குப் பின்னாலை?"

பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து அந்தத் துணியை எடுத்து, மண்ணை உதறினார்.