ரேடியோவும் பஞ்சுவும்

காதை மடக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிப்பார். காதுக்குப் பின்னால் கத்தரி ஓடும்போது யாரும் தலையை ஆட்ட முடியாது, மறுத்துப் பேசவும் முடியாது. நாட்டு நடப்பு, அடுத்த தெரு மாப்பிள்ளையின் குறட்டை, தொப்பி போட்டால் வழுக்கை விழுமா என்ற ஆராய்ச்சி, எல்லாவற்றையும் அந்தப் பிடியிலேயே பேசித் தீர்த்துவிடுவார். எங்கள் தெரு முடிதிருத்துபவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. நிறுத்துகிற பொத்தான் மட்டும் இல்லாத ரேடியோ.

கடையில் இரண்டு நாற்காலிகள். இரண்டாவதில் யாரையும் உட்கார விடமாட்டார். அதன் அடியில்தான் பஞ்சு இருக்கிறாள். வெள்ளை முயல். வேலை கிடைத்து வெளியூர் போன மகள், "அப்பா, இவள பாத்துக்கோ" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாளாம். "மேல ஆள் உக்காந்தா இவளுக்குத் தூக்கம் வராது சார்" என்பார். கூட்டம் வாசல் வரை நிற்கும். நாற்காலி காலியாகக் கிடக்கும்.

போன மழைக்காலத்தில் பஞ்சு பின்னங்காலால் ஓயாமல் காதைச் சொறியத் தொடங்கினாள். காதுக்குள் பழுப்பாகப் பொருக்குக் கட்டியது. பிடரியில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து தோல் தெரிந்தது. ஊருக்கே முடி வெட்டுகிறவர் கடையில் முயலுக்கு வழுக்கையா என்று நாங்கள் கேலி செய்தோம். மகள் வீடியோவில் கூப்பிட்டால் முயலின் முகத்தை மட்டும் காட்டுவார், பிடரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு.

முடி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது உண்டா? மழித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்று எத்தனை பேரை நம்ப வைத்திருக்கிறார்! முயலுக்கும் மழித்துவிட்டார். பிறகு சவரக் காயத்தில் தேய்க்கும் படிகாரத்தை எடுத்துக் காதுப் பொருக்கில் தேய்த்தார். பஞ்சு கத்தினாள். முயல் கத்தும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதைக் கேட்ட பிறகு யாருக்கும் கேலி செய்ய வாய் வரவில்லை.

பஞ்சுவைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நானும் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால்நடை மருத்துவர் பெண். காதைப் பார்த்ததுமே ரேடியோவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

"இது கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க. அரிப்பு தாங்காம சொறிஞ்சுதான் முடி போயிருக்கு. பொருக்கப் பிய்க்காதீங்க, எதையும் தடவாதீங்க. நான் பிடரியில விடற மருந்துலயே பூச்சி செத்து, பொருக்கு தானா உதிர்ந்துரும்."

"அப்ப சரியாயிடும்ல மேடம்?"

"காது சரியாயிடும். ஆனா பயத்துல சாப்பாட்ட நிறுத்திடுச்சு பாருங்க. முயலுக்கு வயிறு காஞ்சா உயிருக்கே ஆபத்து. தீனியக் கரைச்சு ஊட்டுங்க. தானா தின்ன ஆரம்பிச்சாத்தான் நம்பலாம்."

ஊட்டலாம்தான். ஆனால் ரேடியோவின் கை தெரிந்தாலே பஞ்சு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் மனைவிதான் மடியில் வைத்து ஊட்டினார். "கை பூரா படிகார வாடை, லோஷன் வாடை. கிட்ட வராதீங்க, பயந்து சாகுது" என்று கணவரை விரட்டினார்.

மறுநாள் கடையிலிருந்து படிகாரம் போனது. லோஷன் போனது, பவுடரும் போனது. காயம் பட்டவர்கள் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு முணுமுணுத்தோம். எனக்கு அதிசயமாக இருந்தது, பேச்சும் போனதுதான். நோகிற காதுக்குச் சத்தம் ஆகாது என்று அவராகவே முடிவு செய்து வாயை மூடிக்கொண்டார். வேலைக்கு நடுவில் கத்தியை வைத்துவிட்டு, இரண்டாவது நாற்காலிக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்து, ஒரு பிடி புல்லை நீட்டியபடி காத்திருப்பார். அவ்வளவு பெரிய உடம்பு. தோள் நடுங்கும், புல் நுனி அசையாது. ஒரு கன்னத்தில் நுரையோடு நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கோபம் வரவில்லை. மூச்சை இழுத்து விடவே தயக்கமாக இருந்தது.

அப்படி ஒரு காலையில், நுரை காய்ந்து கன்னம் இழுக்கத் தொடங்கிய நேரத்தில், பஞ்சு நகர்ந்தாள். மூக்குத் துடிக்க அவர் விரலை முகர்ந்தாள். பின்வாங்கினாள். மறுபடி வந்தாள். ஒரு புல்லைக் கடித்து இழுத்தாள். அவள் மெல்லும் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"தின்னுறா சார்" என்றார் கிசுகிசுப்பாக, முகத்தைத் தரையிலிருந்து தூக்காமல்.

என் கண் கலங்கியதற்குப் பழியைச் சோப்பு நுரைமேல் போட்டேன்.

இப்போது ரேடியோ மறுபடி பேசுகிறது, கொஞ்சம் ஒலி குறைவாக. படிகாரம் திரும்பி வரவில்லை. மகளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்து நன்றாகத் திட்டு வாங்கிவிட்டார். பொருக்கு உதிர்ந்து பஞ்சுவின் காது உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது. பிடரியில் முளைத்திருப்பதற்குப் பூனைமுடி என்றுதான் பெயர். முயல் என்பதால் வேறு பெயரா தேட முடியும்?

நேற்று நான் போனபோது பஞ்சு இரண்டாவது நாற்காலியின் மேலேயே இருந்தாள், விரித்த வெள்ளைத் துண்டில். மெல்லிய சீப்பால் அந்தப் புது முடியை ஒரு முறை வாரிவிட்டார். பிறகு, முடி வெட்டி முடித்ததும் எங்களுக்கெல்லாம் காட்டுகிற கைக்கண்ணாடியை எடுத்து அவள் பிடரிக்குப் பின்னால் பிடித்தார். இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கம் சாய்த்தார். எதிரே சுவர்க்கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தையே பார்த்தபடி, அவள் சரி என்று சொல்லட்டும் என்று நின்றார்.