பிரேமனின் ரகரம்

பிற்பகல் மூன்று இருபதுக்கு, மடிக்கணினித் திரையில் இருந்த ஜெர்மன்காரர் நெற்றியைச் சுருக்கி, "யேமனா?" என்று கேட்டார். என் மகள் "யா, யா" என்றாள். ரங்கூனில், கியாக்டடா பகுதியில் எங்கள் நாலாம் மாடி வீட்டில், நான் திரையில் விழாமல் கதவோரம் நின்றிருந்தேன்.

அவள் சொல்ல நினைத்தது யேமன் நாட்டை அல்ல, ஜெர்மனியில் இருக்கும் பிரேமன் என்ற ஊரை. அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் தாதிப் பயிற்சிக்கான நேர்முகம் அது. இடம் கிடைத்தால் படிப்பு, வேலை, இங்கிருந்து போக ஒரு வழி. கிடைக்காவிட்டால் மறுபடி எப்போது என்று தெரியாது. பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு இழுக்கும் சட்டம் வந்ததிலிருந்து, அவர்களுக்கு வயது ஏறுவதே இங்கே பெற்றவர்களுக்குப் பயம்.

ஊரைப் பற்றிக் கேட்பார்கள் என்று சயாமா, அதாவது அவளுடைய ஜெர்மன் ஆசிரியை, சொல்லியிருந்தார். அதனால் அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் பிரேமனோடு குடித்தனம் நடத்தினோம். நான் அரிசி களைவேன். அவள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து ஜெர்மனில் வாசித்து, பாதி பர்மியமும் பாதி தமிழுமாகச் சொல்வாள்.

கடலிலிருந்து உள்ளே தள்ளி, வேசர் ஆற்றங்கரையில் வணிகர்கள் வளர்த்த ஊர். ஆற்றில் மண் சேர்ந்து பெரிய கப்பல்கள் வர முடியாமல் போனபோது கழிமுகத்தில் நிலம் வாங்கிப் புதுத் துறைமுகம் கட்டினார்கள். பிற்பாடு ஆற்றையே நேராக்கி, ஆழமாக்கிக் கப்பல்களை ஊருக்குள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். என் அப்பா ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மண் வாரும் கப்பல் வந்து நின்றால், "நம்ம ஆத்துக்கு வாய் கழுவி விட வந்திருக்கு" என்பார். அதைச் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பர்மா அரிசி கப்பலேறிப் போய், அந்த ஊர் ஆலைகளில் தீட்டப்பட்டதாம்.

"நமக்கு முன்னாடியே நம்ம அரிசி போயிருச்சும்மா. விசாவே கேக்கல."

போரில் குண்டு விழுந்து ஊரில் பெரும்பகுதி அழிந்தது. சந்தைத் திடலில் வாளோடு நிற்கும் கல்வீரனைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் காப்பாற்றினார்கள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

எல்லாம் வந்தது, ரகரம் வரவில்லை. ரங்கூனையே யாங்கோன் ஆக்கிய மொழியில் வளர்ந்தவள். பிரேமன் அவள் வாயில் 'பியேமன்' ஆனது.

"எமனைக் கூப்பிடாதடி."

"வந்தா டீ போட்டுக் குடும்மா."

அன்று இணையம் பகரத்தையும் விழுங்கிவிட்டது போலிருக்கிறது. ஜெர்மனில் "யா" என்றால் ஆமாம்; ஆனால் அவள் சொன்ன "யா, யா" அந்த ஆமாம் இல்லை. பர்மியத்தில் பெரியவர்கள் பேசும்போது "ஹொக்கே, ஹொக்கே" என்போமே, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில், அதுதான். அந்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்? அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். கரண்ட் போனது. பேட்டரி நிற்காத பழைய கணினி, உடனே கறுத்துவிட்டது. கைப்பேசியிலும் இணைப்பு வரவில்லை.

மகள் அழவில்லை. கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். ஆறு, மண், புதுத் துறைமுகம், எல்லாம் ஜெர்மனில், மெல்லிய குரலில், ஒன்று விடாமல். 

பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் அழைப்பு மணிக் கயிற்றை யாரோ இழுத்தார்கள். மணி விடாமல் அடித்தது. எட்டிப் பார்த்தேன். கீழே டாக்ஸிக் கதவைத் திறந்து பிடித்தபடி சயாமா. அவருக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் முட்டி மோதித்தான் வரும்; என்னை மட்டும் பர்மியத்தில் 'அமா', அக்கா, என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தமிழில்தான் கத்தினார்:

"அமா! அவங்க எனக்குப் போன் பண்ணாங்க. யேமன் இல்ல, எல்லாம் நான் சொல்லியாச்சு. இன்னொரு தடவை பேசுறாங்க, இப்பவே! என் வீட்ல ஜெனரேட்டர் இருக்கு. சோறு சாப்பிட்டுப் போகச் சொல்லி நிக்காத அமா, பொண்ணை அனுப்பு!"