இடங்கைப் பிரஷ்

இன்று கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் டர்பென்டைன் டப்பாவைத் திறந்ததும், தக்கலையில் இப்போது பஸ்கள் திரும்பும் இடத்தில் இருந்த அப்பாவின் பிரஷ் கடை மூக்கில் ஏறியது. போர்டு எழுதுகிறவர்களுக்கு அணில்வால் முடியைக் கட்டி, ஒவ்வொருவர் கைவாகுக்கும் நுனியைச் சரித்து வெட்டிக் கொடுப்பார் அப்பா. வெட்டிய முடி என் பாவாடையிலும் சோற்றிலும்கூட ஒட்டிக் கிடக்கும்.

திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று ஊர் கொதித்த நாட்களில், சர்க்கார் ஆபீஸ் சுவரில் அதையே பெரிதாக எழுதிய யாரோ போட்டுவிட்டுப் போன பிரஷோடு ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆருக்க பிரஷுன்னு தெரியல்ல ஏமானே" என்றார்.

"செல்லப்பன் மாமாவுக்க பிரஷுல்லா அப்பா, எடங்கைக்கு வெட்டுனது" என்றேன் நான், தெரிந்ததைச் சொல்லும் பெருமையில்.

அப்பா என்னைத் திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மாமா வந்தார். இடது கை துண்டுக்குள் இருந்தது.

"இனி வலங்கைக்கு வெட்டித் தாரும் அண்ணாச்சி" என்றவர், என் பக்கம் திரும்பி, "பள்ளிக்கூடம் போறியா மக்கா?" என்று கேட்டார்.